தூசி துடைத்துத் தூசி பூசுதல்: 1/35 அளவு டைகர் டாங்கியை முன்வைத்து ஓர் ஆய்வு

கண்ணாடி அலமாரியில் பல்லாண்டு கிடந்த பிளாஸ்டிக் டாங்கி ஒன்றை எடுத்து, அதன்மேல் படிந்த தூசியை மெல்லிய பிரஷால் தட்டி, பழைய பெயிண்டைக் கரைத்து, புதுப் பெயிண்ட் அடித்து, அது காய்ந்தபின் காசு கொடுத்து வாங்கிய தூசியை அதன்மேல் பூசி, மறுபடி அதே அலமாரியில் வைப்பது ஒரு பொழுதுபோக்கு. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதற்கெனப் பத்திரிகைகள் உண்டு, போட்டிகள் உண்டு, நடுவர்கள் உண்டு. எனினும், முதலில் துடைத்த தூசியும் முடிவில் பூசிய தூசியும் ஒன்றா, வேறா என்னும் அடிப்படை வினா அறிஞர் கண்ணில் படாமலே போயிற்று. அக்குறையை நீக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டும் வேறு என்பது இவ்வாய்வின் கருதுகோள். முன்னது அழுக்கு; பின்னது கலை. இதற்கு எதிர்க்கருதுகோள் ஒன்று ஆய்வாளரின் இல்லத்திலேயே நிலவுகிறது: "ரெண்டும் குப்பைதான்." அதன் ஆசிரியர் ஆய்வாளரின் மனைவி. ஆய்வு நடந்த காலம் முழுவதும் எதிர்க்கருதுகோள் கையில் துடைப்பத்துடன் பக்கத்து அறையில் இருந்தது என்பதை வாசகர் மனத்தில் கொள்க.

ஆய்வுப் பொருள்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி செய்த டைகர் I. எடை 57 டன். பீரங்கிக் குழலையும் சேர்த்து நீளம் 8.45 மீட்டர். முன்பக்க எஃகின் கனம் 100 மில்லிமீட்டர். குழலின் வாய் 88 மில்லிமீட்டர். 1942 முதல் 1944 வரை ஏறத்தாழ 1,350 வண்டிகள் செய்தார்கள். அவற்றுள் இன்று எஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்கன. தன் எஞ்சினில் தானே ஓடும் நிலையில் இருப்பது ஒன்றே ஒன்று. 131 என்னும் எண் தாங்கி, இங்கிலாந்தின் டார்செட் மாவட்டத்தில் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

பிளாஸ்டிக்கில் வார்த்த டைகர்களுக்கோ கணக்கே இல்லை. அமெரிக்கா 49,000-க்கும் மேற்பட்ட ஷெர்மன் டாங்கிகளைச் செய்து போரை வென்றது. ஆனால் மாடல் கடைக்குள் நுழைந்து பார்ப்பவனுக்குப் போரின் முடிவு தலைகீழாகத் தெரியும்: டைகர், டைகர், பாந்தர், கிங் டைகர், ஓரமாக ஒரு ஷெர்மன். தோற்றவன் வண்டிக்கு ஏன் இத்தனை மவுசு என்பது தனி ஆய்வுக்குரியது. அழகு என்று ஒரு சாரார் சொல்வர். வண்டியின் அழகில் மயங்கி, அதை யார் எதற்குச் செய்தார்கள் என்பதை மறப்பது இந்தப் பொழுதுபோக்கின் பழைய நோய்; அதற்கு மருந்து எந்தப் பெயிண்ட் கடையிலும் இல்லை.

இங்கு ஆராயப்படும் பிரதி, உள்ளே மோட்டார் வைத்து ஓடவிடுவதற்காக வார்த்த பழைய வகை. அடிப்பாகத்தில் சுவிட்சுக்கு ஓர் ஓட்டை, ஒயருக்கு ஓர் ஓட்டை, திருகாணிக்குச் சில ஓட்டைகள். எதிரி சுட்டது ஒன்றுமில்லை. அத்தனையும் பிறவியிலேயே அமைந்தவை.

முப்பத்தைந்தின் மூலம்

உண்மை டாங்கியை 35-ஆல் வகுத்தால் வருவது இந்த மாடல். ஏன் 35? முப்பதும் இல்லை, நாற்பதும் இல்லை, நடுவில் இப்படியோர் எண் வந்தால் பின்னணியில் ஏதேனும் கணிதமோ தத்துவமோ இருக்கும் என்று தேடிப்போகிற ஆய்வாளனுக்குக் கிடைப்பது பேட்டரி. ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டாமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் முதன்முதலாக ஒரு பாந்தர் டாங்கியை வெளியிட்டது. உள்ளே மோட்டாரும் இரண்டு பேட்டரியும் அடங்க வேண்டும். அவை அடங்குகிற அளவுக்கு டாங்கி. அது விற்றுத் தீர்ந்து, அடுத்த டாங்கிகளையும் அதே அளவில் செய்ய வேண்டும் என்று வந்தபோதுதான் பாந்தரை அளந்து பார்த்தார்கள். ஏறத்தாழ முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்று தெரிந்தது. நிறுவனத்தின் தலைவராயிருந்த ஷுன்சாக்கு டாமியாவே இதை எழுதிவைத்திருக்கிறார். இன்று உலகமே ஒப்புக்கொண்ட அளவுகோல் அது. பேட்டரி போய்விட்டது, மோட்டாரும் போய்விட்டது, எண் மட்டும் நிலைத்துவிட்டது.

இந்த எண்ணைக் கையில் எடுத்தால் சில முடிவுகள் தாமாக வந்து விழுகின்றன. டைகரின் நீளம் 24 சென்டிமீட்டராகிறது. 100 மில்லிமீட்டர் எஃகு 3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைகிறது. எடைதான் ஏமாற்றும்: நீளம் அகலம் உயரம் மூன்றும் குறைவதால் 35-ஐ மும்முறை பெருக்கி 42,875-ஆல் வகுக்க வேண்டும். 57 டன் டைகர் அப்போது 1.33 கிலோ. பிளாஸ்டிக் மாடல் அந்த எடைக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. ஆகவே மேசைமேல் நிற்கும் டைகர் எவ்வளவு துல்லியமாகச் செய்யப்பட்டிருந்தாலும் உள்ளே காலி.

இனி இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு. கெட்டியாகப் பிரஷில் தோய்த்து அடித்த எனாமல் பெயிண்ட் ஒரு கோட்டுக்கு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம் என்று வைத்துக்கொண்டால், அது 1/35 உலகில் மூன்றரை மில்லிமீட்டர். மூன்று கோட் அடித்தால் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல். அதாவது, வீட்டுப் பையன்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே டாங்கிக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டே போனால், அதன் கவசம் ஜெர்மானியப் பொறியாளர்கள் கனவிலும் எண்ணாத வலிமையை எட்டும். கூடவே ஆணிகள், கீல்கள், கதவிடுக்குகள் யாவும் மறைந்து டாங்கி கொழுக்கட்டை ஆகும். பழையதைக் கரைக்காமல் புதியது அடிக்கக் கூடாது என்னும் விதி இதனால் எழுந்தது.

மூலபாடமும் இடைச்செருகலும்

ஓலைச்சுவடி பதிப்பிப்பவன் முதலில் எந்த வரி மூலம், எந்த வரி பின்னால் வந்தவன் கைவரிசை என்று பிரித்தறிவான். இங்கும் அதே முறை பின்பற்றப்பட்டது. பீரங்கிக் குழலின் அடியிலும் சக்கரங்களிலும் பிளேடால் இலேசாகச் சுரண்டிப் பார்த்ததில் மூன்று கைகள் தெரியவந்தன. அடியில், பளபளவென்ற கருஞ்சாம்பல் எனாமல். நிறத்தையும் வாடையையும் வைத்து அது கேட்டுக்கு அடித்த மிச்சம் எனத் துணியலாம். அதன்மேல், இலைப்பச்சை. பச்சையின் நடுவே பிரஷிலிருந்து உதிர்ந்த ஒரு முடி நிரந்தரமாகக் குடியிருந்தது. அதன் நீளத்தை 35-ஆல் பெருக்கினால் இழுவைக் கயிறு என்றே கொள்ளத் தகும். எல்லாவற்றுக்கும் மேலே, சக்கரங்களில் மட்டும் வெள்ளி. முதல் பூச்சாளர் யார், இரண்டாமவர் யார் என்று குடும்பத்தில் விசாரித்ததில் ஒருவரும் பொறுப்பேற்க முன்வரவில்லை. எனவே மூவரும் பெயர் அறியப்படாத ஆசிரியர்கள்.

பெயிண்டைக் கரைப்பதில் இருவேறு மரபுகள் உள்ளன. ஒன்று பிரேக் ஆயில் மரபு. மற்றொன்று டெட்டால் மரபு. இது பிரிட்டனில் வேரூன்றியது. தின்னர் மரபு என்று ஒன்று இல்லை. அதைப் பின்பற்றியவர்களிடம் பெயிண்டோடு டாங்கியும் கரைந்துபோனதால் அந்த மரபு சந்ததியின்றி முடிந்தது.

டெட்டால் மரபே இங்கு கைக்கொள்ளப்பட்டது. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் கலப்பில்லாத டெட்டாலை ஊற்றி, கழற்றிய பாகங்களை அதில் முழுக்கி, ஓரிரவு விட்டால், காலையில் பெயிண்ட் வயதானவர் கைத்தோல்போலச் சுருக்கம் விட்டு நிற்கும். பழைய பல் பிரஷால் ஒரு தேய்ப்பு. பச்சை சுருண்டு வரும், அதன் பின்னால் கேட்டுச் சாம்பல் வரும், அதன் அடியில் பல்லாண்டுக்குப் பிறகு முதன்முதலாக வெளிச்சம் பார்க்கும் பிளாஸ்டிக் வரும். ஆணித் தலைகள் ஒவ்வொன்றாக எழும். இந்த இடத்தில் ஒரு நுட்பம் உண்டு. கைப்பழக்கத்தில் குழாயடிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிடக் கூடாது. தண்ணீர் பட்ட மறுகணம் கரைந்த பெயிண்ட் பிசினாக மாறி, இடுக்குகளில் எல்லாம் அப்பி, கையிலும் அப்பி, சிங்க்கிலும் அப்பும். முதல் அலசலும் டெட்டாலிலேயே நடக்க வேண்டும். பெயிண்ட் முழுக்கப் போன பிறகே சோப்புத் தண்ணீர். கையுறை கட்டாயம். ஆய்வு நடந்த வாரத்தில் வீட்டுக்கு வந்தவர்கள், "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டது இம்மரபின் ஒரே பக்க விளைவு.

கரைத்தெடுத்தபின் தெரிந்த புண்களில் ஒன்று மட்டும் விரித்துரைக்கத் தக்கது. சங்கிலிப் பட்டைகள் வினைலில் செய்தவை. வினைலை வளையும்படி மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப்பசைப் பொருள் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் கசியும்; கசிந்து, தான் தொட்டுக்கொண்டிருக்கும் சக்கரத்தின் பிளாஸ்டிக்கை உருக்கும். டைகரின் சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடுக்கடுக்காக நிற்பவை. உண்மைப் போரில் அந்த அடுக்குகளுக்கிடையே சேறு புகுந்து உறைந்து வண்டியை நிறுத்தியது. மாடலிலோ சங்கிலியே சக்கரத்தைத் தின்றது. பட்டை படிந்த இடத்தில் ஒவ்வொரு சக்கரத்திலும் பல் பதித்ததுபோல ஒரு பள்ளம். எதிரியே தேவைப்படாத டாங்கி.

பட்டி பார்த்தல், உப்புத்தாள் தேய்த்தல் ஆகியவை எல்லோரும் அறிந்த கைத்தொழில், விரிப்பிற் பெருகும். அடிப்பாகத்து ஓட்டைகளைப் பிளாஸ்டிக் தகடு வைத்து அடைத்து, பட்டி பூசி, வாட்டர் பேப்பரால் இழைத்தாயிற்று. சங்கிலிக்கு மேலே, உடலின் பக்கச் சிறகின் அடிப்புறம் இந்த வகைப் பழைய மாடல்களில் மூடப்படாமல் திறந்தே கிடக்கும். கீழிருந்து பார்த்தால் டரெட் என்னும் சுழல்கோபுரம் வழியாக வீட்டுக்கூரை தெரியும். அதையும் அடைத்தாயிற்று. அடைத்த பிறகு அந்த இடம் யார் கண்ணிலும் படாது. அதுதான் அடைத்ததற்குக் காரணம்.

நிறத் தத்துவ விசாரணை

சாம்பலா, மஞ்சளா? இந்த வினாவில் எத்தனையோ நட்புகள் முறிந்துள்ளன. ஜெர்மானியர் 1920-களிலேயே நிறங்களுக்கு எண் கொடுத்து ரால் என்னும் பட்டியல் போட்டவர்கள். போரின் தொடக்கத்தில் டாங்கிகளுக்குக் கருஞ்சாம்பல், ரால் 7021. 1943 பிப்ரவரியில் ஆணை மாறியது: இனி அடிநிறம் அடர்மஞ்சள், ரால் 7028; அதன்மேல் தேவைக்கேற்பச் செம்பழுப்பும் பச்சையும். ஆப்பிரிக்காவுக்குப் போன வண்டிகளுக்குத் தனி. 1942-இல் வந்த ஆணைப்படி ரால் 8020 பழுப்பும் 7027 சாம்பலும். இவ்வளவு தெளிவாக எண் போட்டு வைத்த பிறகு சண்டைக்கு இடமேது?

அஃதேல், எண் ஒன்றாயின் நிறமும் ஒன்றாமன்றோ எனின், அற்றன்று. என்னை? நிறம் களத்துக்குப் பசையாக டின்னில் வந்தது. அதைச் சிப்பாய் கரைத்துக்கொள்ள வேண்டும். பெட்ரோல் இருந்தால் பெட்ரோல், இல்லையேல் தண்ணீர். ஸ்ப்ரே இருந்தால் ஸ்ப்ரே, இல்லையேல் துடைப்பம். ஒருவன் நீர்க்கக் கரைத்தான், மற்றவன் கெட்டியாக விட்டான். ஒருவன் வண்டி வெயிலில் வெளுத்தது, மற்றவன் வண்டி மறுநாளே எரிந்தது. இவ்வாறாக, ஒரே டின்னிலிருந்து மோர் நிறம் முதல் கடுகு நிறம் வரை எதுவும் வந்திருக்கலாம் என்பது தேற்றம். ஆகவே எந்த மஞ்சளும் சரி. ஆயினும் நீங்கள் அடித்த மஞ்சள் தவறு. இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தவரே இத்துறையில் அறிஞர் எனப்படுவார்.

புகைப்படம் சான்றாகாதோ எனின், பெரும்பாலானவை கருப்பு வெள்ளை. அதிலும் சிவப்பை உணராத பழைய வகைப் பிலிம் ஒன்று உண்டு. அதில் எடுத்தால் செந்நிறம் கருமையாக விழும், நீலம் வெளுத்து விழும். ஒரே வண்டி இரு பிலிமில் இரு வண்டி. அருங்காட்சியகத்தில் நிற்கும் உண்மை டாங்கியைப் போய்ப் பார்த்தாலும் தீராது. அது எத்தனை முறை பெயிண்ட் வாங்கியதோ. அங்கும் இடைச்செருகல்.

இதன்மேல் இன்னொரு பூசல். உண்மை டாங்கியின் நிறத்தையே மாடலுக்கும் அடிக்கலாமா, அல்லது சிறிது வெள்ளை கலக்க வேண்டுமா? கலப்போர் வாதம்: தொலைவில் நிற்கும் பொருள் காற்றின் ஊடாகத் தெரிவதால் வெளுத்துத் தெரியும், சிறிய மாடல் என்பது தொலைவில் நிற்கும் பெரிய டாங்கியே, ஆதலின் வெளுக்க வேண்டும். கலவாதோர் கணக்குப் போட்டார்கள். மாடலை ஒரு முழத்துக்கும் குறைவாக, 30 சென்டிமீட்டரில் வைத்துப் பார்க்கிறோம். 35-ஆல் பெருக்கினால் பத்தரை மீட்டர். தெருவின் அந்தப் பக்கத்து வீட்டுக் கேட் காற்றால் வெளுத்துத் தெரிகிறதா என்ன? இரு கலையாரும் வடகலை தென்கலை வழக்கைப்போல இன்றளவும் தீர்ப்பின்றி நிற்கின்றனர். இவ்வாய்வாளர் கலக்கும் கட்சி. காரணம் காற்று அன்று, வீட்டு டியூப்லைட். அந்த வெளிச்சத்தில் அடர்ந்த நிறம் அடித்த டாங்கி கரிக்கட்டையாகத் தெரியும், பட்ட பாடெல்லாம் இருட்டில் போகும்.

சிம்மரிட் என்னும் அச்சப் பூச்சு

ஆய்வுக்கு நேரடியாகத் தொடர்பில்லை என்றாலும் இதைச் சொல்லாமல் கடப்பது பாவம். காந்தத்தால் டாங்கியின் உடலில் ஒட்டிக்கொண்டு வெடிக்கும் கண்ணிகளை ஜெர்மானியர் தாம் செய்து வைத்திருந்தனர். தம்மிடம் இருப்பது எதிரியிடமும் இருக்கும் என்ற கவலையில் 1943-இன் பிற்பகுதியிலிருந்து தம் டாங்கிகள்மேல் வரிவரியாக ஒரு பூச்சுப் பூசினர். பேரியம் சல்பேட், பசை, காவி நிறமி, மரத்தூள் எல்லாம் சேர்த்த கலவை; சிம்மரிட் என்பது பெயர். காந்தம் ஒட்டாமல் எஃகை எட்டத்தில் வைப்பது நோக்கம். ஆனால் எதிரிகள் அந்த வகைக் கண்ணியைப் பெரிதாகக் கையாளவே இல்லை. பிறகு, குண்டு பட்டால் இந்தப் பூச்சே தீப்பிடிக்கிறது என்று ஒரு வதந்தி கிளம்பியது. அந்த வதந்திக்கும் ஆதாரம் இல்லை. ஆனாலும் 1944 செப்டம்பரில் பூச்சை நிறுத்திவிட்டார்கள். இல்லாத ஆபத்துக்கு எதிராகத் தொடங்கி, இல்லாத ஆபத்துக்கு அஞ்சி முடிந்த திட்டம் வரலாற்றில் வேறு உண்டா என்று தெரிந்தவர் கூறுக.

இன்று மாடல்காரர்கள் அதே வரிகளைப் பட்டியில் சின்ன ரம்பப் பல்லால் இழுத்து இழுத்துச் செய்கிறார்கள். ஒரு டாங்கிக்கு இதற்கே பல மாலைகள் போகும். நம் ஆய்வுப் பொருள் மேலே சொன்ன 131, துனிசியாவில் போரிட்ட தொடக்கக் கால டைகர். பூச்சு வருவதற்கு முன்பே அதன் போர் முடிந்துவிட்டது. காலக் கணக்கு கைகொடுத்த இடங்களில் இது ஒன்று.

முதுமை ஊட்டும் படலம்

புதுப் பெயிண்ட் அடித்து முடித்ததும் டாங்கி ஷோரூம் வண்டிபோல நிற்கும். அந்நிலையில் அதை ஒருவரும் மதிப்பதில்லை. இனிமேல்தான் உண்மையான உழைப்பு: அரும்பாடுபட்டுச் செய்த புதியதைப் பழையதாக்குதல்.

முதலில் கழுவல். பெயர்தான் கழுவல், செய்வது அழுக்காக்கல். எண்ணெய் வண்ணத்தில் கரும்பழுப்பைக் கடுகளவு எடுத்து, டர்பன்டைனில் கரைத்து, டீ டிகாக்‌ஷன் பதத்துக்குக் கொண்டுவந்து, 000 பிரஷின் நுனியால் ஓர் ஆணித் தலையின் அடியைத் தொட வேண்டும். தொட்டால் போதும்; இழுக்க வேண்டாம். துளி தானாகவே ஆணியைச் சுற்றி ஓடி, அதன் காலடியில் ஒரு மெல்லிய நிழல் வளையமாக நின்றுவிடும். பிறகு அடுத்த ஆணி. அடியில் அக்ரிலிக் பெயிண்ட் இருந்தால் டர்பன்டைன் அதைத் தொடாது. எனாமல் இருந்தால் மூன்று வாரத்து வேலை துளியோடு கரைந்து ஓடும். எண்களும் சின்னங்களும் ஒட்டுவது இதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். சொரசொரப்பான மேட் பெயிண்டின்மேல் ஒட்டினால் அடியில் காற்றுச் சிக்கி ஜிகினாபோல மின்னும் என்பதால், முதலில் பளபளப்பு வார்னிஷ், அதன்மேல் 131, அதன்மேல் மேட் வார்னிஷ்.

அடுத்தது உலர்பிரஷ். பிரஷில் பெயிண்டைத் தொட்டு, தொட்டதை எல்லாம் டிஷ்யூ தாளில் துடைத்து, இனி ஒன்றுமே இல்லை என்று ஆனபிறகு விளிம்புகளில் தடவுவது. ஒன்றுமில்லாததிலிருந்து ஒன்று வரும் என்பதற்கு மெய்யியல் நூல்களில் தேட வேண்டாம், இங்கே காணலாம். பெயிண்ட் உரிந்த தோற்றத்துக்கோ பெயிண்ட் அடிக்கும்போதே வழி செய்திருக்க வேண்டும்: அடியில் துருநிறம், அதன்மேல் தலைமுடிக்கு அடிக்கும் ஹேர் ஸ்ப்ரே, அதன்மேல் அக்ரிலிக் மேல்நிறம். காய்ந்ததும் தண்ணீரில் தோய்த்த பிரஷால் தேய்த்தால் ஸ்ப்ரே கரைந்து மேல்நிறம் செதில் செதிலாக உரியும். ஹேர் ஸ்ப்ரே டப்பா ஏன் காலியாகிறது, இவர் தலையில் அதற்கு வேலையே இல்லையே என்று எதிர்க்கருதுகோள் தரப்பில் எழுப்பிய ஐயம் அவைக்குறிப்பில் பதிவாகியுள்ளது.

துரு விஷயத்தில் ஆய்வாளர் கடுமையான நிலைப்பாடு எடுக்கிறார். போட்டிக்கு வரும் டைகர்களைப் பார்த்தால் கடலுக்கடியில் ஐம்பது ஆண்டு கிடந்தவைபோல இருக்கின்றன. 131 எண் டைகரின் சரித்திரத்தைப் பாருங்கள். அது தொழிற்சாலையில் முடிந்தது 1943 பிப்ரவரியில். மார்ச் கடைசிக்கும் ஏப்ரல் நடுவுக்கும் இடையில் துனிசியா போய்ச் சேர்ந்தது. ஏப்ரல் முடிவதற்குள், குண்டு ஒன்று டரெட்டின் அடியில் சிக்கி அதைத் திரும்பவிடாமல் செய்ய, ஆட்கள் இறங்கி ஓட, வண்டி பிரிட்டிஷார் கைக்கு வந்துவிட்டது. எந்த நாள், எந்தப் படைப்பிரிவு என்பதில் வரலாற்றாசிரியர்களிடம் பாடபேதம் உண்டு, மாதத்தில் இல்லை. மன்னர் ஆறாம் ஜார்ஜும் சர்ச்சிலும் துனிசில் அதைப் பார்த்தார்கள். ஆக, பிடிபட்டபோது அதற்கு வயது மூன்று மாதத்துக்குள். மூன்று மாதக் குழந்தைக்கு யாராவது நரை வைப்பார்களா? பின்புறப் புகைக்குழாய் நீங்கலாக. அது சூட்டில் வெந்து ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும், அங்கே மட்டும் தாராளமாகப் பூசலாம். மற்ற இடங்களில் 6பி பென்சிலை விளிம்போடு இழுத்து, பூட்ஸ் கால் ஏறி இறங்கிய இடத்தில் எஃகு பளிச்சிடுவதாகக் காட்டினால் போதும். உண்மை டைகர் போரில் இருந்த நாட்களைவிட அதன் மாடல் இந்த மேசைமேல் இருந்த நாட்கள் அதிகம் என்பதையும் நேர்மையான ஆய்வாளன் குறிப்பிடக் கடமைப்பட்டவன்.

திணை

இதன் திணை யாது? நிலம் துனிசியா, மணலும் வெக்கையும். பொழுது நண்பகல். ஆகவே பாலை என்பது தெளிவு. உரிப்பொருளோ பிரிவு. ஒட்டிய இடங்கள் யாவும் ஒவ்வொன்றாகப் பிரிந்துகொண்டே இருந்தமையால் இதற்கு வேறு சான்று வேண்டா.

தூசிக் கணிதம்

ஆய்வின் நடுப்பொருளுக்கு இப்போது வரலாம். கடையில் விற்கும் தூசி சிறு புட்டிகளில் வருகிறது. வட ஆப்பிரிக்க மணல், ஐரோப்பிய மண், உலர்ந்த சேறு என்று நாடுவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். உண்மையில் அது நுண்ணிய வண்ணப்பொடி. பிரஷில் தொட்டுச் சக்கரங்களிலும் மட்கார்டிலும் தூவி, டர்பன்டைன் ஒரு சொட்டு விட்டால் இடுக்கில் போய் உட்கார்ந்து காய்ந்துகொள்ளும்.

இப்போது அளவு. துனிசியச் சாலையில் எழுந்த தூசித் துகள் ஒன்று மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு என்று கொள்வோம். 35-ஆல் வகுத்தால் வருவது மில்லிமீட்டரில் எழுநூறில் ஒரு பங்கு. அது தூசியின் அளவன்று. ஏறத்தாழப் புகையின் அளவு. ஆக, நெறிப்படி மாடல்மேல் பூச வேண்டியது பொடி அன்று, ஊதுவத்திப் புகை. மாறாக, அலமாரியில் தானாக வந்து படியும் வீட்டுத் தூசியைப் பாருங்கள். அதில் ஒரு தலைமுடித் துணுக்கு; கனம் மில்லிமீட்டரில் நூற்றுக்கு ஏழு பங்கு என்றால், அந்த உலகில் அது இரண்டரை மில்லிமீட்டர் ஒயர். ஐந்து மில்லிமீட்டர் பஞ்சு நார், 17.5 சென்டிமீட்டர் பாம்புக்குட்டி. டைகரின் தளத்தில் பாம்புக்குட்டிகள் நெளிய, ஒயர்கள் தொங்க நிற்பது எந்தப் போர்க்களத்திலும் இல்லாத காட்சி. ஆகவே வீட்டுத் தூசி அளவால் மிகை, புட்டித் தூசியும் அளவால் மிகை, ஆனால் பின்னது நிறத்தால் ஒத்து வருகிறது. கருதுகோள் பாதி நிறுவப்பட்டது.

மீதிப் பாதிக்கு இடையூறு மின்சாரம். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைத் துணியால் தேய்த்தால் நிலைமின்னூட்டம் ஏறும். ஏறியதும் சுற்றியுள்ள தூசியை வா வா என்று அழைத்துக்கொள்ளும். அதாவது, தூசியைத் துடைக்கத் துடைக்கத் தூசி வரும். அக்ரிலிக் பெட்டி போட்டு மூடலாம் என்றால், பெட்டியைத் துடைக்கும்போது பெட்டிக்கும் அதே குணம். சில வாரங்களில் புட்டித் தூசியின்மேல் வீட்டுத் தூசி இறங்கி, இரண்டும் கலந்து, எது ஆய்வாளர் பூசியது, எது ஆண்டவன் பூசியது என்று பிரிக்க முடியாத நிலை ஏற்பட்டது.

இந்நிலையில் எதிர்க்கருதுகோள் தரப்பு நேரில் ஆய்வுக்களத்துக்கு வந்தது. "ஏங்க, இதுல எது நீங்க காசு குடுத்து வாங்கினது?"

மட்கார்டு சுட்டிக் காட்டப்பட்டது.

"அப்ப இது?"

டரெட்டின் மேல்தட்டு. அதற்குத் திட்டவட்டமான விடை தர இயலவில்லை. பூதக்கண்ணாடி கொண்டு நோக்கியும் ஐயம் தீரவில்லை. ஆகவே இருதரப்பும் ஒப்புக்கொண்ட செயல்முறை வரையறை ஒன்று அங்கேயே வகுக்கப்பட்டது: ஊதினால் பறப்பது வீட்டுத் தூசி, ஊதியும் பறக்காதது கலை. நடுநிலை கருதி, ஊதும் பொறுப்பு எதிர்க்கருதுகோள் தரப்பிடமே ஒப்படைக்கப்பட்டது.

ஊதினார். மேல்தட்டில் இருந்தது பறந்தது. மட்கார்டில் இருந்தது பறக்கவில்லை. கருதுகோள் நிரூபணமானது என்று அறிவிக்க வாயெடுக்கும் முன், மட்கார்டே பறந்தது. 1/35 அளவில் அரை அங்குல நீளமுள்ள அந்தப் பாகம் மேசை விளிம்பில் ஒருமுறை பட்டு, மொசைக் தரையில் ஒரு சத்தம் கேட்டு, பிறகு கேட்கவில்லை. டார்ச் அடித்து ஃபிரிட்ஜின் அடியில் பார்த்ததில் வேறு பல பொருள்கள் கிடைத்தன: ஒரு புளியங்கொட்டை, காணாமல்போன கம்மலின் திருகாணி, முன்னொரு ஆய்வில் தொலைந்த பீரங்கிக் குழலின் முனை. மட்கார்டு மட்டும் இல்லை. கம்மல் திருகாணி கிடைத்த மகிழ்ச்சியில் எதிர்க்கருதுகோள் தரப்பு துடைப்பத்தைக் கொடுத்து உதவியதுடன், கூட்டியது அத்தனையையும் முறத்தில் வைத்து, சலித்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.